எந்த நிறம் உங்கள் முகத்துக்குச் சேரும்? பருவ நிறப் பகுப்பாய்வை வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே ஆள் மேல் இரண்டு சிவப்புத் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் முகம் களையாக இருக்கும். இன்னொன்றில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போலத் தெரியும். இரண்டும் சிவப்புதான்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகக் கண்டுபிடிக்கும் முறைதான் சீசனல் கலர் அனாலிசிஸ். மூன்று கேள்விகள் போதும். எவ்வளவு ஆழமான நிறத்தை முகம் தாங்கும்? வெம்மையான (மஞ்சள் கலந்த) சாயல் சேருமா, குளிர்ந்த (நீலம் கலந்த) சாயலா? தெளிந்த (பளிச்சென்ற) நிறம் நல்லதா, மங்கிய (சாம்பல் கலந்த) நிறமா? மூன்றுக்கும் விடை தெரிந்தால் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்ற நான்கு பெட்டிகளில் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும்.

வீட்டுப் பெண்கள், பக்கத்து வீட்டார், வேண்டா வெறுப்பாக உட்கார்ந்த இரண்டு மாப்பிள்ளைகள் என்று நிறைய பேருக்கு இதைச் செய்து பார்த்திருக்கிறேன். துணியைத் தோளில் போடுவதற்கு முன்பே பாதிப் பேர் தப்பு செய்துவிடுகிறார்கள். அதனால் முதல் நான்கு பகுதிகளைத் தாண்டி ஓடாதீர்கள்.

1. துணிகளைச் சேர்த்தல்

இதற்கென்று செட்டாக விற்கும் துணிகளை வாங்க வேண்டியதில்லை. கல்யாணம், வளைகாப்பு, நவராத்திரிக் கொலு என்று போன இடத்திலெல்லாம் தாம்பூலத்தோடு வந்த பிளவுஸ் பிட்டுகள் பீரோவில் அடுக்கியிருக்குமே, அதை இறக்குங்கள். குறைவதை மேட்சிங் சென்டரில் அரை மீட்டர் அரை மீட்டராக வெட்டி வாங்கிக்கொள்ளலாம். தேவைப்படுபவை இவை:

- வெள்ளையில் இரண்டு: கோரா வெள்ளை ஒன்று, நீலம் போட்டு வெளுத்த வெள்ளை ஒன்று
- நீலத்தில் மூன்று: வெளிர், நடுத்தரம், கருநீலம்
- சாயல் பார்க்கும் ஜோடிகள்: காவியும் ராணி கலரும், பாசிப்பச்சையும் மரகதப்பச்சையும், தக்காளிச் சிவப்பும் மாதுளைச் சிவப்பும்
- தெளிவு பார்க்கும் ஜோடிகள்: மாம்பழ மஞ்சளும் கடுகு மஞ்சளும், ராணி கலரும் வெங்காயத்தோல் நிறமும்
- தனியாக, கறுப்பும் காப்பிப்பொடி நிறமும்

எல்லாம் பளபளப்பில்லாத வெறும் பருத்தியாக இருக்கட்டும். பட்டு மினுங்கும், ஜரிகை தன் மஞ்சளை முகத்தில் அடிக்கும். மயில்கழுத்து மாதிரி ஊடையும் பாவும் வேறு வேறு நிறமான துணி, திரும்பத் திரும்ப நிறம் மாறும். எதனால் முகம் மாறியது என்றே சொல்ல முடியாது.

இங்கே முக்கியமான ஒரு வேலை இருக்கிறது. ஜோடியில் இருக்கும் இரண்டு துணிகளும் ஒரே அளவு ஆழமாக இருக்க வேண்டும். வெளிர் காவியையும் அடர்ந்த ராணியையும் ஒப்பிட்டால் நீங்கள் பார்ப்பது ஆழத்தை, சாயலை இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, போனிலேயே கறுப்புவெள்ளையாக மாற்றுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சரியான ஜோடி. ஒன்று வெளுத்துத் தெரிந்தால் வேறு துணி தேடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் யாரும் இதைச் செய்வதில்லை, அப்புறம் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது என்பார்கள்.

2. முகத்தைத் தயார் செய்தல்

பவுடர், க்ரீம், கண்மை, லிப்ஸ்டிக், பொட்டு, குங்குமம் எதுவும் வேண்டாம். கண்ணாடி போடுபவர்கள் கழற்றிவிடுங்கள். கம்மலையும் செயினையும் கழற்ற முடிந்தால் கழற்றலாம், தாலிச் சங்கிலியை உள்ளே விட்டுக்கொண்டால் போதும்.

மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் குறைந்தது ஒரு வாரம் நிறுத்த வேண்டும். இதை என் பெரியம்மாவிடம் பட்டுத் தெரிந்துகொண்டேன். தினமும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பவர். முதல் தடவை பார்த்தபோது வெம்மைச் சாயல்தான் என்று அடித்துச் சொன்னேன். பத்து நாள் மஞ்சளை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தால், காவித் துணியில் பித்தம் பிடித்தவர் போல உட்கார்ந்திருக்கிறார். நான் பார்த்துச் சொன்னது பெரியம்மாவின் தோலை இல்லை, கஸ்தூரி மஞ்சளை.

ஃபேஷியல், ப்ளீச் செய்த அன்றும், வெயிலில் அலைந்து முகம் சிவந்து வந்த அன்றும் பார்க்காதீர்கள். தலைக்கு மருதாணியோ சாயமோ போட்டிருந்தால் முடி முழுவதையும் வெள்ளைத் துண்டால் கட்டிவிடுங்கள். மருதாணிச் செம்பட்டை வெம்மையான நிறங்களுக்கெல்லாம் சாதகமாக ஓட்டுப் போடும்.

3. வெளிச்சம்

காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை, நேர் வெயில் விழாத ஜன்னலுக்கு எதிரே உட்காருங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் அதுதான் உத்தமம். முகம் ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் பாதி முகம் நிழலாகி ஏமாற்றும். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். மஞ்சள் பல்பு சுமார் 2700 கெல்வின், வெள்ளை டியூப்லைட் சுமார் 6500 கெல்வின் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). பகல் வெளிச்சத்தோடு இவை கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு சாயல், மறுபக்கம் இன்னொன்று.

சுவரையும் கவனியுங்கள். ரோஸ் பெயின்ட் அடித்த அறையில் எல்லோரும் ரோஸாகத்தான் தெரிவார்கள். ஒரு நாள் மொட்டை மாடியில் நல்ல வெளிச்சமாக இருக்கிறதே என்று நாலு பேரை வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தேன். நாலு பேருக்கும் ராணி கலர் சேரவில்லை, பச்சை மட்டும் பரவாயில்லை. மூன்றாவது ஆளுக்கே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். தலைக்கு மேலே செடிகளுக்குக் கட்டியிருந்த பச்சை நிழல்வலையை நான் பார்த்தது, எல்லாரும் இறங்கிப் போன பிறகு. வேப்பமரத்து நிழலும் அப்படித்தான், நீலத் தார்ப்பாயும் அப்படித்தான்.

உட்காருபவர் மேல் கழுத்துவரை வெள்ளைத் துண்டு ஒன்றைப் போர்த்துங்கள், போட்டிருக்கும் சட்டையின் நிறம் குறுக்கே வரக்கூடாது.

4. எதைப் பார்க்க வேண்டும்

துணியைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். சொல்லும்போது சுலபமாக இருக்கும். செய்யும்போது பத்துக்கு ஒன்பது பேர் "இது அழகான கலர்" என்பார்கள். கலர் அழகாக இருந்துவிட்டுப் போகட்டும், கேள்வி அது இல்லை.

நான் பார்க்கும் இடங்கள் நான்கு. கண்ணுக்கடியில் கருவளையம் கூடுகிறதா, குறைகிறதா? வாயைச் சுற்றி இருக்கும் கருமை தனியாகத் தெரிகிறதா, மற்ற தோலோடு கலந்துவிடுகிறதா? தாடை விளிம்பு தெளிவாக இருக்கிறதா, கழுத்தோடு கரைகிறதா? கண்ணின் வெள்ளைவிழி வெள்ளையாக இருக்கிறதா, பழுப்படிக்கிறதா? நம் ஊர்த் தோலில் வாயைச் சுற்றிய இடம்தான் நல்ல சாட்சி, அது பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஒரு துணியைத் தனியாகப் போட்டு முடிவெடுக்காதீர்கள். ஜோடியாக, ஒன்றின் மேல் ஒன்று போட்டு, மேல் துணியைச் சட்டென்று விலக்க வேண்டும். மாறும் அந்த நொடியில் தெரிவதுதான் விடை. பத்து விநாடி உற்றுப் பார்த்தால் கண் பழகிவிடும், அப்புறம் எல்லாமே நன்றாக இருப்பது போலத் தோன்றும். துணியை மோவாய்க்கு நேர் கீழே, தோள் முழுவதும் மூடும்படி போடுங்கள். துணியில் பட்ட வெளிச்சம் மேலே எகிறித் தாடையில் விழுகிறது, அதனால்தான் முகம் மாறுகிறது. இடுப்பில் பிடித்துக்கொண்டு பார்ப்பதால் பயனில்லை.

இன்னொரு ஆள் துணி மாற்றிக் கொடுக்கட்டும். தனியாகச் செய்தால் கை நிழலும் துணி மடிப்பும் குழப்பும்.

செல்ஃபி எடுத்துப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். துணி மாறும்போதெல்லாம் போன் தானாக ஒயிட் பேலன்ஸை மாற்றிக்கொள்ளும். காவி போட்டால் படத்தை நீலமாக்கும், நீலம் போட்டால் மஞ்சளாக்கும். நாம் தேடும் வித்தியாசத்தைத்தான் அது அழிக்கிறது. படம் வேண்டுமென்றால் ப்ரோ மோடுக்குப் போய் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்திவிட்டு, பியூட்டி ஃபில்டரை அணைத்துவிட்டு எடுங்கள். கண்ணாடி அதைவிட நல்லது.

5. ஆழம்

இணையத்தில் பெரும்பாலும் வெம்மையா குளிர்ச்சியா என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வார்கள். நான் அதை இரண்டாவதாக வைத்திருக்கிறேன். காரணம், ஆழமான நிறம் தேவைப்படும் ஒருவர் மேல் வெளிர் ரோஸையும் வெளிர் பீச்சையும் போட்டுப் பார்த்தால் இரண்டுமே எடுபடாது. எது சேருகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். முதலில் ஆழத்தைத் தீர்த்துவிட்டால், அடுத்த சோதனைகளை முகம் தாங்கும் மட்டத்திலேயே நடத்தலாம்.

மூன்று நீலங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிர் நீலம், அப்புறம் நடுத்தரம், அப்புறம் கருநீலம், மறுபடி பின்னாலிருந்து. ஆழம் போதாதபோது துணி முன்னால் வந்து நிற்கும், முகம் பின்னால் போய்விடும், கருவளையம் எடுத்துக் காட்டும். ஆழம் கூடிப்போனால் மோவாய்க்கடியில் நிழல் விழுந்து முகம் களைத்துத் தெரியும். துணியும் முகமும் சேர்ந்து ஒரே நேரத்தில் கண்ணில் படும் மட்டம்தான் உங்களுடையது.

இங்கேதான் வீட்டுப் பெரியவர்களோடு சண்டை வரும். என் சித்தி மகள் நல்ல கருநிறம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவளுக்குச் சந்தன நிறம், வெளிர் ரோஸ், வெளிர் மஞ்சள் இவைதான். "இவ கலருக்கு டார்க் எடுத்தா இன்னும் கறுப்பாத் தெரியும்டி" என்பது சித்தியின் கட்சி. கருநீலத் துணியைப் போட்டு வெள்ளைத் துண்டை விலக்கினேன். கண்ணும் பல்லும் மின்னின, தாடை சிற்பம் மாதிரி நின்றது. "அக்கா, என் கண்ணு இவ்ளோ பெருசா?" என்று கண்ணாடியிடம் போய் நின்றாள். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து தன்னுடைய பாட்டில் பச்சைப் புடவையை எடுத்து வந்து, "இதையும் போட்டுப் பாரு" என்றார்.

இதைத் திருப்பிப் போட்டு, கருநிறம் என்றால் ஆழ்ந்த நிறம்தான் என்று சூத்திரம் ஆக்கிவிடாதீர்கள். நடுத்தர நீலத்தில் அழகாக நின்ற கருநிறத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முடியும் கண்ணும் கறுப்பாக இருப்பதால் நம்மில் பலருக்கு நடுத்தரத்திலிருந்து அடர்ந்தது வரை வரும், அவ்வளவுதான்.

6. சாயல்: வெம்மையா, குளிர்ச்சியா

சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று நாம் சொல்வது தோலின் மேல்நிறம். வெயிலில் அலைந்தால் அது மாறும். இங்கே தேடுவது அடியில் இருக்கும் சாயல். ஒரே மாநிறத்தில் அக்காவுக்கு வெம்மையும் தங்கைக்குக் குளிர்ச்சியும் இருக்கலாம். "நான் மாநிறம், அதனால் வெம்மை" என்று ஆரம்பிக்கும் எந்தப் பேச்சையும் நம்பாதீர்கள்.

முதல் ஜோடி காவியும் ராணியும். ஆரஞ்சுக் குடும்பத்தில் குளிர்ந்த நிறம் என்று ஒன்று கிடையாது. அதனால் காவி சந்தேகமில்லாத வெம்மை. ராணி அதற்கு நேரெதிர். வெம்மைச் சாயல் உள்ளவருக்குக் குளிர்ந்த நிறம் போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடும், உதடு லேசாக நீலம் பாய்ந்ததுபோல் ஆகும். குளிர்ச்சாயல் உள்ளவருக்கு வெம்மை நிறம் போட்டால் முகம் மஞ்சளடிக்கும். இந்த இரண்டு அடையாளங்களை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

அடுத்து பச்சை ஜோடி, அப்புறம் வெள்ளை ஜோடி. எல்லா ஜோடியிலும் பட்டியலில் முதலில் வருவது வெம்மை, அடுத்தது குளிர்ச்சி. ஆழ்ந்த நிறம் வேண்டியவருக்கு இரண்டு வெள்ளையும் கொஞ்சம் அதிகப்படியாகவே தெரியும். இரண்டில் எது குறைவாக உறுத்துகிறது என்று மட்டும் பாருங்கள். சிவப்பைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் சிவப்பைப் பற்றி ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருக்கும், அது கண்ணை மறைக்கும். நான்கில் மூன்று ஜோடி ஒரே பக்கம் சொன்னால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குறுக்குவழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் சோதனை வெளிர்ந்த தோலுக்கே அரைகுறைதான். அடர்ந்த தோலில் பல நேரம் நரம்பே தெரியாது, தெரிந்தாலும் பெரும்பாலும் பச்சையாகத்தான் தோன்றும். தங்கமா வெள்ளியா சோதனையும் நம் வீடுகளில் தோற்றுப்போகும். பிறந்ததிலிருந்து கழுத்திலும் காதிலும் தங்கத்தையே பார்த்துப் பழகிய கண், தங்கம்தான் அழகு என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

சிலருக்குக் காவியும் சேராது, ராணியும் சேராது. இரண்டும் சத்தமாகத் தெரியும். தோலில் லேசாகப் பச்சைச் சாயல் கலந்தவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களை இழுத்துப் பிடித்து ஒரு பக்கம் தள்ளாதீர்கள். "நடுவில்" என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள், அங்கே தெளியும்.

7. தெளிவு

இது சீக்கிரம் முடியும். வெம்மை என்று வந்தவருக்கு மாம்பழ மஞ்சளும் கடுகு மஞ்சளும். குளிர்ச்சி என்று வந்தவருக்கு ராணியும் வெங்காயத்தோலும். நடுவில் நிற்பவருக்கு இரண்டு ஜோடியும். ஜோடியில் முதலாவது தெளிந்தது, இரண்டாவது மங்கியது.

தெளிந்த நிறம் வேண்டியவர் மங்கிய நிறத்தில் தூக்கம் கெட்டவர் போல இருப்பார். மங்கிய நிறம் வேண்டியவர் மேல் தெளிந்த நிறத்தைப் போட்டால் துணி மட்டும் கண்ணை அடிக்கும், ஆள் காணாமல் போவார். முகத்தில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாடும் உதவும். முகத்தைக் கறுப்புவெள்ளையில் படம் எடுங்கள். வெள்ளைவிழி, தோல், முடி மூன்றும் தனித்தனியாக வெட்டித் தெரிந்தால் தெளிந்த நிறம் சேர வாய்ப்பு அதிகம். ஒன்றோடொன்று இழைந்து தெரிந்தால் மங்கியது.

மங்கியது என்றால் மட்டம் என்று நினைத்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. பழுத்த செங்கல், உலர்ந்த மருதாணி, பாக்கு நிறம் எல்லாம் அந்தப் பக்கம்தான். கைத்தறிப் புடவை உடுத்துபவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

8. எந்தப் பெட்டி

இப்போது மூன்று விடைகள் கையில் இருக்கின்றன.

- வெம்மை, வெளிர், தெளிவு: வசந்தம்
- குளிர்ச்சி, வெளிர், மங்கல்: கோடை
- வெம்மை, ஆழம், மங்கல்: இலையுதிர்
- குளிர்ச்சி, ஆழம், தெளிவு: குளிர்

கோடை என்ற பெயரில் எல்லோரும் சறுக்குகிறார்கள். நமக்குக் கோடை என்றால் அக்கினி நட்சத்திரம். ஆனால் இந்த முறையில் கோடை குளிர்ந்த பெட்டி. பெயர்கள் குளிர்நாட்டுப் பருவங்களைப் பார்த்து வைத்தவை, அங்கே கோடை என்றால் லேசாக வெளுத்த நீலமும் லாவெண்டரும். பெயரிலிருந்து நிறத்தை ஊகிக்காதீர்கள், பெட்டிக்கு ஒட்டிய லேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் ஒரே பெட்டியில் விழாமல் போகலாம். வெம்மை, ஆழம், ஆனால் தெளிவு என்று வந்தால்? அதற்காகத்தான் ஒவ்வொரு பெட்டியையும் மூன்றாகப் பிரித்துப் பன்னிரண்டு ஆக்கியிருக்கிறார்கள். மூன்று சோதனைகளில் எதில் முகம் மிகவும் பளிச்சென்று மாறியதோ, அதுதான் உங்கள் முதன்மைக் குணம். அதை விட்டுக்கொடுக்காதீர்கள், மற்ற இரண்டிலும் தளர்த்திக்கொள்ளலாம்.

நம் ஆட்கள் நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆழம் உறுதி, சாயல் நடுவில். ஆழ்ந்த இலையுதிரா, ஆழ்ந்த குளிரா? தனியாக எடுத்துவைத்த கறுப்பையும் காப்பிப்பொடி நிறத்தையும் இப்போது எடுங்கள். கறுப்பில் முகம் கூர்மையானால் குளிர். கறுப்பில் இறுகி, காப்பிப்பொடியில் இளகினால் இலையுதிர். இரண்டிலும் நன்றாக இருந்தால் சண்டை வேண்டாம், இரண்டு பக்கத்திலும் கை வைக்கலாம்.

இந்தியர்கள் எல்லோரும் இலையுதிர் என்று ஒரேயடியாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் துணி போட்டுப் பார்க்காமல் சொல்கிறார்கள்.

9. கடையிலும் பீரோவிலும்

உங்கள் நிறங்களை மனதில் சுமக்க முடியாது. சேர்ந்த துணிகளுக்குப் பொருத்தமாகப் பத்துப் பன்னிரண்டு தையல் நூல்கண்டு வாங்கி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வரிசையாகச் சுற்றிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் நிறப்பட்டை ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும், நூல் அப்படி மாறாது.

பட்டுப் பிரிவுகளில் பெரும்பாலும் ஜரிகை தகதகக்க மஞ்சள் விளக்கு போட்டிருப்பார்கள். பாட்டிமார் புடவையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தது சும்மா இல்லை. சேல்ஸ்மேனிடம் கேட்டு வாசலுக்குக் கொண்டுபோய், முந்தானையைத் தோளில் போட்டுப் பாருங்கள்.

புடவையில் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ரவிக்கை, இடது தோளில் ஏறும் மடிப்பு, மார்புக்குக் குறுக்கே போகும் பார்டர். கீழே கொசுவத்தில் என்ன நிறம் இருந்தாலும் முகத்துக்குக் கவலையில்லை. ஆண்களுக்குச் சட்டைக் காலர்தான் எல்லாம், வேட்டி எந்த வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. கூரைப்புடவை சிவப்பில்தான் எடுக்க வேண்டும் என்றால் சிவப்புக்குள்ளேயே தேடுங்கள். வெம்மைக்கு மிளகாய்ப்பழச் சிவப்பு, குளிர்ச்சிக்கு மாதுளைச் சிவப்பு, ஆழம் வேண்டுபவருக்கு அரக்கு.

ஏற்கெனவே வாங்கிய புடவைகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் கடுகு மஞ்சளில் ஒரு காஞ்சிப்பட்டு இருக்கிறது, அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்தது. குளிர்ச்சாயல் என்று தெரிந்தபின் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். பழைய கடுகு ரவிக்கையை விட்டுவிட்டு, நாவல்பழ நிறத்தில் கழுத்து ஒட்டிய ரவிக்கை தைத்துப் போட்டோம். தோளில் வரும் மடிப்பை மட்டும் ஒடுக்கிப் பின் குத்தினோம், மஞ்சள் கழுத்தை விட்டு நாலு விரல் தள்ளிப் போயிற்று. இப்போது அந்தப் புடவையைத்தான் ஒவ்வொரு விசேஷத்துக்கும் எடுக்கிறார்.